டோமோடோசோலாவில் இறங்கியவள்

இத்தாலியின் சிற்றூர் லூகோவில் ஸவொரெல்லி கறிக்கடை என்றால் வெட்டுக்கட்டையில் நேவியோ, தராசில் டெர்னா. அவன் வெட்டிப் போடுவான், அவள் நிறுத்துக் காகிதத்தில் சுற்றிக் கொடுப்பாள். அவன் வாயைத் திறப்பது அபூர்வம். இரண்டு பேருக்கும் சேர்த்து அவள் பேசிவிடுவாள். ஒருமுறை நோட்டரியின் மனைவி பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்து, "என்ன டெர்னா, கொழுப்பு ஜாஸ்தியா இருக்கே?" என்றாள்.

"எதுல சிஞ்ஞோரா, கறியிலயா, என்கிட்டயா?"

வரிசையில் நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். நோட்டரியின் மனைவியும் சிரித்துக்கொண்டே அதே கறியை வாங்கிப் போனாள்.

டெர்னா குத்தகை விவசாயி வீட்டுப் பெண். இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, வீட்டில் ஒரு வாய் குறையட்டும் என்று அவளை ஜெனீவாவுக்கு அனுப்பினார்கள். ஏரிக்கரையில் ஒரு பெரிய ஓட்டல். அதன் அடித்தளத்தில் சலவைக்கூடம். பகலா இரவா என்று தெரியாத ஆவிப் புகைக்குள் நின்று அடுத்தவர் படுத்தெழுந்த விரிப்புகளைத் துவைத்துத் தேய்த்தாள். கையில் சூடு பட்ட தழும்புகளும், நாக்கில் ஃப்ரெஞ்சு மொழியும், கல்யாணத்துக்குச் சேர்த்த கொஞ்சம் பணமுமாக ஊர் திரும்பினாள். நேவியோவைக் கட்டிக்கொண்டாள். ஒரே மகள், ஃபியொரென்ஸா.

கடிகாரப் பைத்தியம் நேவியோவுக்குப் பிடித்தது நாற்பது வயதுக்கு மேல். ஞாயிற்றுச் சந்தையில் பழைய சாமான் விற்கிறவனிடம் ஒரு தங்கக் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். பெரிய முகப்புக்குள் மூன்று குட்டி முகப்புகள். சாவி கொடுத்துக் காதில் வைத்தான். அன்றைக்கு முழுக்க அதைக் காதிலிருந்து எடுக்கவில்லை. வெட்டுக்கட்டையில் நிற்கிறவன் கையில் கடிகாரம் கட்ட முடியாது. ரத்தமும் கொழுப்பும் போய் அடைந்துகொள்ளும். ஆகவே ஞாயிறு பூசைக்குப் போகும்போது மட்டும் கட்டினான். பிறகு இரண்டாவது வந்தது, அப்புறம் இன்னொன்று. பிரபுக்களைப் போலக் கடிகாரத்துக்கும் பரம்பரை உண்டு என்று அவனுக்குக் கற்றுக் கொடுத்தவர் மருந்துக்கடைக்காரர் கினாஸ்ஸி. அவரும் இதே நோய்க்காரர்தான்.

"சந்தையில கெடைக்கிறதெல்லாம் கழிவு, நேவியோ" என்றார் ஒருநாள், கடைக்கு வந்தவர். "நல்ல சரக்கு ஜெனீவா ஏலத்துக்குத்தான் போகுது. ஆனா நீ அங்க போய் என்ன பண்ணப் போற? தாகம் எடுத்தா ஃப்ரெஞ்சுல தண்ணி கேக்கத் தெரியுமா உனக்கு?"

"எனக்குத் தெரியாது. இவளுக்குத் தெரியும்" என்று கத்தியாலேயே டெர்னாவைக் காட்டினான் நேவியோ.

அப்படித்தான் அவள் அதற்குள் போனாள்.

ஏலம் நடந்தது அதே ஏரிக்கரை ஓட்டலில். விரிப்பு துவைத்தவள் இந்த முறை சுழல்கதவு வழியாக, கருநீலக் கோட்டு போட்டுக்கொண்டு உள்ளே நுழைந்தாள். கம்பளத்தில் கால் வைக்கும்போது, கீழே யாராவது தலை தூக்கிப் பார்ப்பார்களோ என்று அவளுக்கு ஒரு கணம் கூச்சமாக இருந்தது. பெயர் பதிந்தது அவள் பெயரில்தான்; அங்கே கேட்கிற கேள்விகளுக்கு நேவியோவால் பதில் சொல்ல முடியவில்லை. விலை கேட்கத் தூக்கிக் காட்டும் எண் பலகையை மட்டும் அவன் பிடித்திருந்தான். பிடித்ததுதான் தப்பு. அவனுக்கு ஒரு பொருள் வேண்டும் என்றால் கழுத்திலிருந்து காது மடல் வரை ஈரல் நிறத்துக்குச் சிவந்துவிடும். முன்வரிசை வியாபாரிகள் திரும்பிப் பார்ப்பார்கள், கழுத்தைப் படிப்பார்கள், விலையை ஏற்றிவிடுவார்கள். இரண்டு கடிகாரம் அப்படிக் கைநழுவிப் போனபின் டெர்னா பலகையை அவன் கையிலிருந்து வாங்கினாள்.

"நீ கண்ணை மூடிக்க. எது வேணும்னு மட்டும் முழங்காலால இடி."

அவளுக்கு ஒரு வழி இருந்தது, யாரும் சொல்லிக் கொடுக்காதது. மற்றவர்கள் பலகையைத் தூக்குவார்கள், இறக்குவார்கள், யோசிப்பார்கள். அவள் தூக்கினால் இறக்கவே மாட்டாள். மழையில் குடை பிடித்தவள் மாதிரி அப்படியே உட்கார்ந்திருப்பாள், முகத்தில் ஒரு மாற்றமும் தெரியாது. எதிரே கேட்கிறவனுக்கு, இந்தப் பெண்பிள்ளைக்கு முடிவே கிடையாது என்று தோன்றிவிடும். சுத்தியல் விழும். அந்தச் சுத்தியல் விழுவதற்கு முன்னால் கூடம் முழுக்க அவள் கையைப் பார்த்துக்கொண்டு மூச்சடக்கி இருக்கும் பாருங்கள், அந்த நொடிக்காக அவள் எங்கே வேண்டுமானாலும் போயிருப்பாள். தங்கத்தின் மேல் அவளுக்கு அவ்வளவு மோகம் இல்லை.

வசந்தத்தில் ஒருமுறை, குளிர் தொடங்கும்போது ஒருமுறை என்று வருடா வருடம் போனார்கள். கடையைப் பூட்டிவிட்டு வந்த அந்த நாட்களில் நேவியோ வேறு ஆளாக இருந்தான். ஏரிக்கரையில் மீன் வறுவல் வாங்கிக் கொடுப்பான். அவளுடைய தழும்புக் கையை எடுத்துத் தன் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு நடப்பான். "நம்ம ரெண்டு பேரையும் இங்க யாருக்கும் தெரியாது பாத்தியா" என்று ஒருமுறை சொன்னான். அவன் வாயிலிருந்து வந்த நீளமான வாக்கியங்களில் அது ஒன்று.

வாங்கியதை வீட்டுக்குக் கொண்டுவருவதுதான் பாடு. எல்லையில் சொன்னால் வரி. வரியைவிடப் பெரிய தொல்லை, பணம் எப்படி நாட்டை விட்டுப் போனது என்ற கேள்வி. அந்தக் காலத்தில் லிராவை வெளியே கொண்டுபோனால் ஜெயில். ஆகவே போகும்போது பணம் அவள் உள்பாவாடைத் தையலுக்குள் போனது, வரும்போது தங்கம் அவள் கையில் ஏறி வந்தது. தோல்வார்களைக் கழற்றிவிட்டு, அகலமான இலாஸ்டிக் பட்டை தைத்து, முழங்கைக்கு மேலே வரிசையாகக் கட்டிக்கொள்வாள். மேலே கம்பளிச் சட்டை, அதன் மேல் கோட்டு. ரயில் சுவிஸ் எல்லை மலைக்கடியில் போகும் சிம்ப்ளோன் சுரங்கத்துக்குள் நுழைந்ததும் ஜன்னல் கறுத்துப் போகும். அப்போது கையைக் காதோடு சேர்த்து வைத்துக்கொண்டால் எல்லாம் சேர்ந்து பூச்சி அரிப்பது போலச் சத்தம் கேட்கும். அவளுக்குச் சிரிப்பு வரும்.

தனித்தனிப் பெட்டியில் உட்காருவது என்று முதலில் சொன்னதும் அவள்தான்.

"ஒருத்தர் மாட்டினா இன்னொருத்தருக்குத் தெரியாது, சரியா? ரெண்டு பேரும் உள்ள போயிட்டா கடையை யாரு தொறக்குறது?"

"நீ மாட்ட மாட்ட" என்றான் நேவியோ.

"மாட்டினாத்தான் சொல்றேன்."

"சரி."

ஒரு வருடம் குளிர் தொடங்கும் ஏலத்துக்கான விலைப்புத்தகத்தில் ஒரு படம் வந்தது. இளஞ்சிவப்புத் தங்கம். நாள், கிழமை, மாதம், நிலாவின் பிறை எல்லாம் தானே காட்டும். லீப் வருஷத்தைக்கூட ஞாபகம் வைத்திருக்கும். அந்தச் சிவப்பில் செய்ததே ஒருசிலதான் என்றார் கினாஸ்ஸி. நேவியோ சாப்பாட்டு மேசையில் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டே சாப்பிட்டான். மற்ற கடிகாரங்களை விற்றாலும் அதற்குக் காணாது.

டெர்னாவின் அப்பா கடைசிக் காலத்தில் சொந்தமாக வாங்கிய ஒரே நிலம் ஒரு சின்னப் பீச் தோட்டம். ஆயுசெல்லாம் அடுத்தவன் மண்ணைக் கொத்தியவர், அந்தத் தோட்டத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துதான் செத்தார். அது டெர்னாவுக்கு வந்திருந்தது. நேவியோ கேட்கவில்லை. ஒரு மாதம் சரியாகச் சாப்பிடாமல் இருந்தான், அவ்வளவுதான். அவள்தான் ஒருநாள், "வித்துடலாம், போ" என்றாள். ஃபியொரென்ஸா கத்தினாள். "அம்மா, உனக்குப் புத்தி கெட்டுப் போச்சா? மரத்தை வித்துட்டு மணி பாக்கப் போறீங்களா?" டெர்னா கையெழுத்துப் போட்டாள்.

அன்றைக்கு ஏலக்கூடத்தில் கடைசியில் மூன்றே பேர் மிஞ்சினார்கள். ஹாங்காங்கிலிருந்து வந்த ஒருவர், தொலைபேசியில் முகம் தெரியாத ஒருவர், தூக்கிய கையை இறக்காத டெர்னா. தொலைபேசி விலகியது. ஹாங்காங்காரர் அவளைத் திரும்பிப் பார்த்தார், லேசாகத் தலை குனிந்து பலகையை மடியில் வைத்தார். சுத்தியல் விழுந்ததும் கூடம் கைதட்டியது. டெர்னா அப்போதுதான் கையை இறக்கினாள். திரும்பிப் பார்த்தால் நேவியோ அழுதுகொண்டிருந்தான்.

ஊர் திரும்பும் காலையில், அறையில் அவள் கட்டிலில் உட்கார்ந்து பட்டைகளைக் கட்டிக்கொண்டிருந்தாள். அந்த முறை மிஞ்சிய பணத்தில் இன்னும் நாலு கடிகாரம் சேர்ந்திருந்தது. சிவப்புத் தங்கத்துக்காகக் கையை நீட்டினாள்.

"அது இருக்கட்டும். நான் வச்சிக்கிறேன்" என்றான் நேவியோ.

"ஏன்?"

"காலுறைக்குள்ள வச்சிப்பேன். உனக்கு ஏற்கெனவே நாலு இருக்கு."

நியாயமான பேச்சுதான். இருந்தாலும் நீட்டிய கையை மடக்கும்போது அவளுக்குள் எங்கோ ஒரு முள் குத்தியது. அதைப் பெரிதுபடுத்தாமல் கோட்டை மாட்டிக்கொண்டாள்.

எல்லை தாண்டியதும் வரும் முதல் இத்தாலிய ஸ்டேஷனான டோமோடோசோலாவில் ரயில் வழக்கத்தைவிட அதிக நேரம் நின்றது. சுங்கக்காரர்கள் இரண்டு பேர் ஏறினார்கள். அவர்கள் பின்னால், பெண்களைச் சோதிக்கவென்றே வைத்திருக்கும் ஒரு அம்மாள், குட்டையாய், மூக்குக்கண்ணாடி போட்டு. அவளை இதற்கு முன் டெர்னா பார்த்ததில்லை.

"சிஞ்ஞோரா, வேர்க்குதே உங்களுக்கு. கோட்டைக் கழட்டிடுங்களேன்."

"இல்ல, ஜலதோஷம். பரவாயில்ல."

"கழட்டுங்க சிஞ்ஞோரா" என்றாள் அந்த அம்மாள், மரியாதையாகத்தான்.

முழங்கைக்கு மேலே கை வைத்ததும் அந்த அம்மாளின் முகம் மாறியது. எதிரே உட்கார்ந்திருந்த கிழவர் பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

"தனியா வர்றீங்களா? கூட யாராவது?"

"தனியாத்தான்."

இறக்கினார்கள். பிளாட்பாரத்தில் பனிக்காற்று முகத்தில் அறைந்தது. இரண்டு பக்கமும் ஆள் நிற்க, அவளுடைய துணிப்பெட்டியைத் தேடி எடுத்து வரட்டும் என்று அவளை அங்கேயே நிறுத்தி வைத்தார்கள். அடுத்த பெட்டியின் திறந்த ஜன்னலுக்குப் பின்னால் நேவியோ உட்கார்ந்திருந்தான். அவளைப் பார்த்தான். பார்த்தது அவளுக்கு நிச்சயம். அவள் தலையைக்கூட அசைக்கவில்லை. பேசி வைத்தபடிதான் எல்லாம் நடந்துகொண்டிருந்தது. அவன் இறங்கக் கூடாது. இறங்கினால் அந்தச் சிவப்புத் தங்கமும் போகும், பீச் தோட்டமும் போகும், கடையும் போகும்.

அப்போது நேவியோ எழுந்தான்.

அவளுக்குள் வேண்டாம் வேண்டாம் என்று ஒரு மனசு, வா வா என்று ஒரு மனசு. அவன் கையை உயர்த்தினான். ஜன்னல் கண்ணாடியின் பிடியைப் பிடித்து மேலே இழுத்து மூடினான். உட்கார்ந்தான். சிறிது நேரத்தில் ரயில் நகர்ந்தது.

அவளை விசாரணைக் கைதியாக வைத்திருந்தார்கள். கிறிஸ்துமஸ் உள்ளேயே கழிந்தது. நேவியோ வரவில்லை, வக்கீலை அனுப்பினான். "அவர் வந்தா கூட்டாளின்னு எழுதிடுவாங்க சிஞ்ஞோரா, அதான் நான் வர வேண்டாம்னேன்" என்றார் வக்கீல். ஃபியொரென்ஸா மட்டும் மாற்று உடுப்போடு வந்தாள். ஊர்ப் பத்திரிகையில் பெயர் வந்துவிட்டது. கையில் தங்கம் கட்டிய கசாப்புக்காரி என்று தலைப்பாம். ஃபியொரென்ஸா சொல்லிவிட்டு அழுதாள். டெர்னா கேட்டது வேறு: "அப்பா சாப்பிடுறாரா?"

வழக்கு வந்தபோது நேவியோவைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைக் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்து நின்றான்.

"உங்க மனைவி வருஷத்துக்கு ரெண்டு தடவை ஜெனீவா போனது உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார் நீதிபதி.

"தெரியும். அங்க பழைய சிநேகிதிங்க இருக்காங்கன்னு சொல்லுவா."

"கடிகாரம் வாங்குறது?"

"அது எனக்குத் தெரியாதுங்க. நான் கறி வெட்டுறவன். பொம்பளைங்க நகை நட்டு விஷயத்துல நான் தலையிடறதில்ல."

கூடத்தில் யாரோ சிரித்தார்கள். டெர்னா அவன் கழுத்தைப் பார்த்தாள். சிவக்கும் என்று எதிர்பார்த்தாள். வெள்ளையாகவே இருந்தது.

தண்டனையை நிறுத்தி வைத்து அவளை வெளியே விட்டார்கள். நாலு கடிகாரமும் பறிமுதல். அபராதம் கட்ட, நேவியோ சேர்த்து வைத்திருந்தவற்றை ஒன்று விடாமல் விற்க வேண்டியதாயிற்று. சிவப்புத் தங்கத்தை மட்டும் தொடவில்லை. தொடவும் முடியாது: ஏலத்தில் அது அவள் பெயரில் போயிருந்தது, வெளியே எடுத்தால் எப்படி வந்தது என்று கேட்பார்கள். கினாஸ்ஸியிடம்கூடக் காட்ட முடியவில்லை. கடையின் குளிர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, தொங்கும் மாட்டுத் தொடைகளுக்கு நடுவே நின்று பார்த்துவிட்டு வருவான். வெளியே வரும்போது விரல் நுனி நீலம் பாரித்திருக்கும்.

டெர்னா மறுபடி தராசில் நின்றாள். வந்தவர்கள் அவளிடம் அளவுக்கு மேல் அன்பாகப் பேசினார்கள். ஒருத்தரும் கிண்டல் செய்யவில்லை. அவளும் செய்யவில்லை. கறியைச் சுற்றினாள், சில்லறை கொடுத்தாள். வீட்டில் இருவரும் அந்த ரயிலைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

ஒருநாள் கினாஸ்ஸி கடைக்கு வந்து குரலைத் தாழ்த்தினார். "பறிமுதல் பண்ணின சாமானையெல்லாம் சுங்கத்துல ஏலம் போடுறாங்க. நோவாராவுல. உன்னோட நாலும் வருது."

"என்னோடது இல்ல" என்றான் நேவியோ, பழக்கத்தில். அவர் போனதும் டெர்னா பக்கம் திரும்பினான். "நீ வரணும்."

"எதுக்கு?"

"பலகை என் பேர்ல வாங்கிக்கிறேன். நீ தூக்கினாப் போதும். என் கழுத்து உனக்குத் தெரியுமே."

போனாள். மறுக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. ஏலம் ஒரு கிடங்கில் நடந்தது. காப்பி மூட்டை, ஃபர் கோட்டு, டிவிப் பெட்டி, சிகரெட்டு என்று எல்லாம் போய் முடிந்தபின் ஒரு தட்டைக் கொண்டு வந்து முன்னால் வைத்தார்கள். எட்டிப் பார்த்தாள். நாலு கடிகாரமும் அவள் தைத்த இலாஸ்டிக் பட்டையோடேயே கிடந்தன. யாரும் கழற்றவில்லை. ஒரு பட்டையில் அவள் கையின் வேர்வைக் கறைகூடத் தெரிந்தது.

நேவியோவின் முழங்கால் இடித்தது.

கை எழவில்லை. எழும் என்றுதான் அவளும் நினைத்தாள். பலகை மடியில் இருந்தது, விரல்கள் அதைப் பிடித்திருந்தன. ஆனால் தோள் அவளுக்குச் சொந்தமில்லாதது போல் இருந்தது.

"தூக்கு" என்று கிசுகிசுத்தான். "டெர்னா. தூக்கு. போயிடும்."

முதலாவது போயிற்று. இரண்டாவதும் போயிற்று. மூன்றாவதுக்கு அவன் பலகையைப் பிடுங்கித் தானே தூக்கினான். கழுத்து பற்றி எரிந்தது. அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த கினாஸ்ஸி ஒரு பார்வை பார்த்தார். நண்பர்தான், ஆனால் ஏலக்கூடத்தில் நண்பர் ஏது? விலையைத் தூக்கித் தூக்கி அவன் எட்டாத உயரத்தில் கொண்டுபோய் வைத்தார். கடைசி இரண்டும் அவருக்கே போயின.

காரில் திரும்பும்போது மிலானைத் தாண்டியிருந்தார்கள். பனிமூட்டம். டெர்னாதான் ஆரம்பித்தாள்.

"ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு நான் பிளாட்பாரத்துல நின்னப்ப நீ எழுந்திரிச்ச."

"எப்ப?"

"டோமோடோசோலாவுல. எழுந்திரிச்சு ஜன்னலை மூடுன. ஏன் மூடுன?"

நேவியோ ரோட்டைப் பார்த்துக்கொண்டே யோசித்தான். பொய் தேடுகிற யோசனை இல்லை. நிஜமாகவே ஞாபகத்தைத் துழாவினான்.

"மூடினேனா?"

"மூடுன."

"குளிர்ந்திருக்கும்" என்றான்.

இறங்கலாம் என்றுதான் எழுந்தேன், கால் வரவில்லை என்று அவன் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அதை வாங்கி வைத்துக்கொண்டு அவள் மீதி ஆயுசை ஓட்டியிருப்பாள். அவனுக்கு அதுகூடத் தோன்றவில்லை. டெர்னா முகத்தைத் திருப்பிப் பனிமூட்டத்தைப் பார்த்துக்கொண்டு வந்தாள். அழவில்லை. பசிக்கிறதா என்று அவன் கேட்டதற்கு இல்லை என்றாள்.

அதன் பிறகு சண்டை போட்டுப் பிரிந்தார்கள் என்று சொல்ல முடியாது. கல்யாணமாகி ராவென்னாவில் இருந்த ஃபியொரென்ஸாவுக்குக் குழந்தை பிறந்தது. பார்த்துக்கொள்ளப் போனவள் திரும்பி வரவில்லை. ஒரு ஒற்றை அறை பிடித்தாள். முதியோர் இல்லம் ஒன்றில் சலவைக்கு ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுச் சேர்ந்தாள். இப்போது எந்திரம் துவைத்தது, அவள் மடித்தாள். நேவியோ ஒருமுறை ஃபோன் செய்தான்.

"எப்ப வர்ற?"

"பாப்போம்."

"கடையில ஆளுங்க கேக்குறாங்க."

"என்னன்னு?"

"நீ எங்கன்னு."

"தெரியாதுன்னு சொல்லு. உனக்குத்தான் நல்லா வருமே."

அவன் மறுபடி கூப்பிடவில்லை. அவள் இல்லாத கடைக்கு ஆட்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, சில வருடத்தில் ஷட்டர் இறங்கியது. குளிர் அறையைப் பிரித்து எடுத்துக்கொண்டு போனார்கள். ஒரு பிப்ரவரியில் பக்கத்து வீட்டுக்காரி கதவைத் தட்டித் தட்டிப் பார்த்துப் போலீசைக் கூப்பிட்டாள். சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தபடியே இறந்திருந்தான். அடுப்பில் பாத்திரம் கருகிப் போயிருந்தது.

சவப்பெட்டியை மூடுவதற்கு முன் கினாஸ்ஸி டெர்னாவின் அருகில் வந்து நின்றார்.

"டெர்னா, அது எங்க?"

"எது?"

"என்கிட்ட மறைக்க வேணாம். நான் அன்னைக்கே ஊகிச்சிட்டேன். அவன் கையோட கொண்டு வந்துட்டான்."

"பெட்டியில பாருங்க. அவர் கையில கட்டி வச்சிருந்தாலும் வச்சிருப்பாங்க."

கினாஸ்ஸி சட்டென்று குனிந்து பெட்டிக்குள் பார்த்தார். பிறகு வெட்கப்பட்டு நிமிர்ந்தார்.

ஃபியொரென்ஸாவும் அவள் புருஷனும் லூகோ வீட்டைப் புரட்டிப் போட்டார்கள். தரை ஓடுகளைப் பெயர்த்தார்கள். புகைபோக்கிக்குள் கம்பு விட்டார்கள். சிவப்புத் தங்கம் கிடைக்கவில்லை. குளிர் அறையோடு போயிற்றோ, யாருக்காவது கொடுத்தானோ, யாரும் எடுத்தார்களோ, கடைசிவரை தெரியவில்லை. வீட்டை விற்றுப் பங்கு பிரித்த அன்று ஃபியொரென்ஸா அம்மாவின் அறைக்கு வந்தாள். கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தாள்.

"அம்மா, ஒளிக்காம சொல்லு. அவர் உனக்குத்தானே குடுத்தாரு?"

"எனக்கு எதுக்குக் குடுக்கப் போறாரு?"

"உன் பேர்ல எடுத்தது. உன் தோட்டத்தை வித்து எடுத்தது. வேற யாருக்குக் குடுப்பாரு?"

"எங்கிட்ட இருந்தா இந்த வயசுல ஊரான் விரிப்பை ஏன்டி மடிக்கிறேன்?"

"அதைத்தான் என் வீட்டுக்காரரும் சொல்றாரு" என்றாள் ஃபியொரென்ஸா, கண்ணைப் பார்க்காமல். "எல்லாரும் அப்படி நினைக்கணும்னுதான் மடிக்கிறாளாம். எல்லையிலயே முகம் மாறாம உக்காந்திருந்தவளாம்."

டெர்னா எழுந்து அலமாரியைத் திறந்து காட்டினாள். பையைக் கொட்டிக் காட்டினாள். கட்டில் விரிப்பை உதறிக் காட்டினாள். கடைசியில் சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டி, சுருங்கிப்போன வெறும் கையை மகள் முன் நீட்டினாள். "பாரு. பாத்துக்க." ஃபியொரென்ஸா, "விடும்மா" என்று சொல்லி எழுந்தாள். நம்பியதாகச் சொல்லவில்லை.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு டெர்னா கோழிச்சாறு வைத்து, மாவுக்குள் பாலாடைக்கட்டி வைத்து மடித்த கப்பெல்லெத்தி செய்தாள். பேரனுக்கு உயிர் அது. மத்தியானம் ஃபியொரென்ஸா ஃபோனில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாள். பின்னணியில் பிள்ளை பாடிக்கொண்டிருந்தது. மறுவருடம் ஃபோன் வரவில்லை. அதற்கடுத்த வருடம் டெர்னா மாவு பிசையவில்லை. பண்டிகையன்று லீவு கேட்கிற மற்றப் பெண்களின் முறையையும் சேர்த்துத் தானே எடுத்துக்கொண்டு, நாள் முழுக்க எந்திரங்களின் இரைச்சலில் நின்றாள்.

வேலை செய்ய முடியாமல் போனபின் அதே இல்லத்திலேயே அவளுக்கு ஒரு கட்டில் கொடுத்தார்கள். ஈரமான மார்ச் மாதத்தில், நுரையீரலில் சளி கட்டிப் போய்ச் சேர்ந்தாள். சொல்லி அனுப்பியதும் ஃபியொரென்ஸா வந்தாள். அம்மாவின் நெற்றியில் முத்தம் வைத்தாள், உடலைக் கொண்டுபோகும்வரை நின்று அழுதாள். பிறகு அறைக் கதவைச் சாத்திவிட்டு, கைப்பையிலிருந்து சிறு கத்தரிக்கோலை எடுத்து மெத்தையின் தையலைப் பிரித்தாள். உள்ளே கையை விட்டு மூலை மூலையாகத் துழாவினாள். தலையணையையும் பிரித்தாள். பஞ்சுதான் வந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு, அடக்கத்துக்கு என்ன செய்ய வேண்டும் என்று கேட்கக் கீழே இறங்கிப் போனாள்.